அநாதை மொழிக்கு ஓர் அண்ணாச்சி

மும்பையில் கோபப்படக் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. லோக்கல் ரயில் கோபம், தண்ணீர் கோபம், பார்க்கிங் கோபம் என்று வகை வகையாக உண்டு. ஆனால் ஏறத்தாழ நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பேச ஆளில்லாமல் போன ஒரு மொழிக்காக, பல் தேய்த்த கையோடு கோபப்பட ஆரம்பித்து, ராத்திரி பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்ட பிறகுதான் கோபத்தை நிறுத்தியவர், இந்த நகரத்தில் என்ன, இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஆப்பு அண்ணாச்சி.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டைத் தமிழ்ச் சங்கத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. மேடையில் பேசியவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. செத்தவரைப் பற்றி என்ன சொன்னாலும் அவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்கிற தைரியம் சிலருக்கு! மறுக்க நான் இருக்கிறேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் பாத்திரக்கடை. குடியிருப்பு செம்பூரில், எங்கள் ஹவுசிங் சொசைட்டியில், என் தலைக்கு நேர் மேலே. நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் சண்டை போடுவதுதான் எங்கள் குடும்ப வழக்கம். அண்ணாச்சி ‘காப்பி கொண்டா’ என்று சொன்னால் ரயில்வே ஸ்டேஷனில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் சொன்ன அந்த மொழி சுமேரியம். இன்றைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்கள் அதை ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியை அழுத்தி அழுத்தி எழுதினார்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு சின்ன ஆப்பு மாதிரி பதியும். அண்ணாச்சியும் அதே மாதிரி களிமண்ணில்தான் எழுதினார். அதைப் பார்த்துக் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஆப்பு. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு துணிச்சல் எங்கள் சொசைட்டியில் ஒருத்தருக்கும் கிடையாது.

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. பால்கனியில் காயப்போட்ட என் வெள்ளைக் காட்டன் புடவை மேல் சொட்டுச் சொட்டாக மண் தண்ணீர் விழுந்தது. குடும்ப வழக்கத்தை மறந்து மேலே பார்த்துக் கத்தினேன்.

“யாரது, புடவை மேல சேத்தைக் கொட்டறது?”

மேலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

“சேறு இல்லம்மா. வேற்றுமை உருபு!”

“என்னது?”

“நாலாம் வேற்றுமை எழுதிக்கிட்டிருக்கேன். கையில ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்கு. கழுவுதேன். கொஞ்சம் புடவையை அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க.”

தப்பு அவர் மேல், தள்ளிப் போடுவது நானா! புடவையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, புடவையைப் பார்த்து, வாங்கிக்கொண்டு போய் அலச ஆரம்பித்தார். அந்தப் பழக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நான் முதல் ஆளில்லை.

“என்னத்தச் சொல்ல” என்றார் அக்கா, சோப்புப் போட்டுக்கொண்டே. “இந்த மனுசன் என்னைக் கட்டிக் கூட்டிக்கிட்டு வந்தது பம்பாய்க்கு. குடும்பம் நடத்துதது ஈராக்குல.”

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதை சுவாரசியமானது. எல்லாத்துக்கும் காரணம் இதே தமிழ்ச் சங்கம்தான். ஒரு ஆண்டு விழாவில் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் மேசையைக் குத்திக் குத்திப் பேசினாராம். உலகத்திலேயே முதலில் எழுதியவன் சுமேரியன். சுமேரியன் பேசியது தமிழ். ஆகவே உலகத்துக்கே எழுதக் கற்றுக்கொடுத்தவன் நீயும் நானும்தான். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். அண்ணாச்சிதான் வியாபாரியாயிற்றே, சரக்கைச் சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். அதைத் தானே படித்து நிரூபித்து, சங்கத்துக்குக் காணிக்கையாக்குவது என்று முடிவு செய்தார்.

கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய புத்தகக்காரர்களைப் பிடித்து, சுமேரிய இலக்கணம் பற்றிய தடித்தடி ஆங்கிலப் புத்தகங்களைத் தேடி வாங்கினார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தார். குக்கர் கேஸ்கட் கேட்டு வந்தவர்களுக்கு வடை சட்டியைக் கொடுத்து அனுப்பினார். வருஷக் கணக்கில் படித்து முடித்துவிட்டு, ஒரு நாள் சங்கத்துக்கு நேராகப் போய்த் தலைவரின் மேசையை இவர் குத்தினார்.

“அது தமிழ் இல்லவே! சத்தியமா இல்ல!”

தலைவர் ஆடிப்போய்விட்டார். “அண்ணாச்சி, ஊர்ங்கிற நகரம் அங்க இருக்கே. ஊர் தமிழ்தானே?”

“அவங்க ஊருக்கு அவங்க வச்ச பேரு ஊரிம். வெறும் ‘ஊர்’னா அவங்க பாசையில நாயி. இனிமே மேடையில சொல்லும்போது பாத்துச் சொல்லும்.”

அன்று முதல் அவருக்கும் சங்கத்துக்கும் கிழக்கு மேற்காகிவிட்டது. தமிழ்ப் பெருமையைக் குறைக்கிறார் என்று அவர்களுக்கு ஆத்திரம். அரைகுறையாகப் படித்துவிட்டு அளக்கிறார்கள் என்று இவருக்கு ஆத்திரம். இதில் வேடிக்கை என்னவென்றால், உயர்திணை அஃறிணை என்று நாம் பிரிக்கிற மாதிரியே சுமேரியத்திலும் மனிதர், மற்றவை என்று இரண்டு பிரிவு இருக்கிறது. நம்மைப் போலவே சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சங்கத்துக்காரர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒத்துக்கிடுதேன், ரெண்டு விசயம் ஒத்து வருது. என் மூக்கும் தபால்காரன் மூக்கும் ஒரே மாதிரி இருக்கு. அதுக்காக அவன் என் தம்பியா?” என்பார்.

நிரூபிக்கத்தான் படிக்கத் தொடங்கினார். பொய்த்துப் போன பிறகு விட்டிருக்கலாம். விடவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் சத்தம் குறைத்துப் பேசி முதல் தடவையாகக் கேட்டேன்.

“மத்த பாசைக்கெல்லாம் அக்கா இருக்கு, தங்கச்சி இருக்கு, சித்தப்பன் மக்க இருக்கு. இதுக்கு ஒருத்தரும் இல்லம்மா. உலகம் பூராத் தேடிப் பாத்துட்டாங்க, ஒரு சொந்தமும் கிடைக்கல. பேச ஆளுமில்ல. இந்த வங்கொடுமையில நம்மாளுக அதைப் பிடிச்சு இழுத்து, எம்மவ எம்மவன்னு சொல்லி வீட்டு வேலைக்கு வைக்கப் பாக்காக. இது நியாயமா? அது எப்படி இருந்துச்சோ அப்படியே தமிழ்ல எழுதி வைக்கணும். அவ்வளவுதாம் எனக்கு ஆசை.”

அதுதான் அவருக்கு ஆசை. சுமேரிய மொழியின் இலக்கணம், தமிழ் படிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி, யாருடைய மகளாகவும் ஆக்காமல். அந்த ஆசையில்தான் எல்லாரும் மண்ணைப் போட்டார்கள். நான் சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை.

இலக்கணம் அவருக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை. கட்டடம் பூராவும் இருந்தது. சுமேரியத்தில் ஒருவன் இன்னொன்றின் மேல் ஒரு காரியத்தைச் செய்தால், செய்தவன் பெயருக்குப் பின்னால் ‘எ’ என்று ஓர் உருபு ஒட்ட வேண்டும். வீட்டைக் கட்டிய அரசன் அந்த எ வாங்குவான். சும்மா வந்தவன், போனவன், தூங்கியவன் யாருக்கும் எ கிடையாது. அண்ணாச்சிக்கு இது வேதவாக்கு. சொசைட்டிக் கூட்டங்களில் எழுந்து நின்று, “இந்த கமிட்டியில எ வாங்குத அளவுக்கு ஒரு ஆளு உண்டா? வாறிய, உறங்குதிய, போறிய” என்று கேட்பார். எதற்கு எ என்று புரியாமலே செகரட்டரிக்கு முகம் சிவக்கும்.

வினைச்சொல்லை விளக்குவதற்கு அவர் கல்யாண் லோக்கலைத்தான் பயன்படுத்துவார். “இந்த வினைக்கு முன்னால ஒட்டு மேல ஒட்டா ஏறும்மா. யாரு செஞ்சான், யாருக்குச் செஞ்சான், எங்கிட்டுச் செஞ்சான், எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. ஆனா நம்ம கல்யாண் வண்டி மாதிரி முட்டி மோதி ஏற முடியாது. அவனவனுக்கு இடம் குறிச்சிருக்கு. வரிசை மாறி ஒருத்தன் ஏறுனாலும் வண்டி நகராது.” இதைச் சொல்லிவிட்டு, இந்த ஒழுங்கு இந்திய ரயில்வேக்கு என்றைக்கு வரும் என்று தனியாக ஒரு பாட்டம் கோபப்படுவார்.

கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மிஷின் இருந்தது. தாராவிக் கல்யாணம் ஒன்றுக்கு எவர்சில்வர் குடம் வாங்க வந்தவர்கள், “அன்பளிப்புன்னு வெட்டிக் கொடுங்க அண்ணாச்சி” என்றார்கள். அண்ணாச்சி ‘நிக்பா’ என்று வெட்டினார். சுமேரியத்தில் அன்பளிப்பு. அதையும் ஆப்பு எழுத்தில் வெட்டினார். மாப்பிள்ளை வீட்டில் குடத்தைப் பார்த்தவர்கள், பெண் வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்துவிட்டார்கள். பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி, அண்ணாச்சியை மண்டபத்துக்கு வரவழைத்தார்கள். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், அவர் மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பிடித்து நாலாம் வேற்றுமை நடத்த ஆரம்பித்துவிட்டார். செய்வினையே தேவலை என்று அந்த மனிதர் பந்தியில் போய் உட்கார்ந்ததாகக் கேள்வி.

சரி, களிமண்ணுக்கு வருகிறேன். நோட்டில் எழுதலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். “காயிதத்தக் கரையான் திங்கும். கம்ப்யூட்டர் புட்டுக்கிடும். ஐயாயிரம் வருசம் கழிச்சும் வாசிக்கணும்னா மண்ணுதாம்மா” என்பார். பிள்ளையார் செய்கிற ஷாடு மண்ணை, பிள்ளையார் செய்கிற கார்கானாவிலிருந்தே வாங்கி வருவார். பலகை பிடித்து, மேல்பாதியில் ஆப்பெழுத்து, கீழ்ப்பாதியில் தமிழில் விளக்கம் என்று எழுதி, மொட்டை மாடியில் காய வைப்பார். எல்லாம் எழுதி முடித்ததும் மொத்தமாகத் தாராவி கும்பார்வாடாவில் குயவர்களிடம் கொடுத்துச் சூளையில் சுட்டு எடுப்பதாகத் திட்டம். அரைகுறையாகச் சுடுவது அவருக்குப் பிடிக்காது.

மொட்டை மாடியில் அவருக்கு ஒரே எதிரி புறாக்கள். மும்பைப் புறாவுக்கு எங்கே ஈரம் கண்டாலும் நடந்து பார்க்க வேண்டும். அதன் கால் பதிந்தால் அப்படியே ஓர் ஆப்பெழுத்து மாதிரி இருக்கும். ஒரு தடவை அண்ணாச்சி ஒரு பலகையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் குழம்பினார். தான் எழுதாத ஓர் உருபு எப்படி நடுவில் வந்தது என்று புத்தகம் புத்தகமாகத் தேடினார். புறா என்று தெரிந்ததும் மாடியேறி நின்று அவர் கத்திய கத்தல் இருக்கிறதே! “படிக்காத கழுதைகளா! வினைமுற்றுலயா வந்து மிதிக்கிய?” என்று புறாக்களைப் பார்த்துக் கேட்டார். இந்தக் கேள்வியைப் புறாக்களிடம் கேட்டவரும் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

பெயர்ச்சொல் முடிந்து, வேற்றுமை முடிந்து, வினைச்சொல்லும் முடியப் போகிற சமயத்தில் சங்கத் தலைவர் வீடு தேடி வந்தார். பொன்னாடையோடு வந்தார். சங்கத்து நூலகத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று ஒதுக்கியிருப்பதாகவும், பலகைகளை இப்போதே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றும், ‘சுமேரியச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அண்ணாச்சியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு அங்கே காப்பி சாப்பிட்டுக்கொண்டு நானும் இருந்தேன்.

“ஒரே ஒரு சின்ன விஷயம் அண்ணாச்சி” என்றார் தலைவர். “கடைசிப் பலகையில மட்டும், ‘இம்மொழி தமிழின் சேய்’னு ஒரு வரி எழுதிருங்க. வர்றவங்க அதைத்தான் தேடுவாங்க. மத்ததை யாரு படிக்கப் போறா?”

மத்ததை யாரு படிக்கப் போறா! ஒரு மனிதன் ஆயுள் முழுக்க எழுதியதைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அண்ணாச்சி எழுந்து, பொன்னாடையை மடித்து, தலைவரின் தோளிலேயே போட்டார்.

“நீங்க போட்டுக்கிடுங்க. இதுக்கு நீங்கதாம் பொருத்தம்.”

தலைவர் போனார். அலமாரியும் போனது. பலகைகள் மொட்டை மாடியிலேயே, பழைய தகர ஷீட்டுக்கு அடியில் இருந்தன. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவை அன்றைக்கே கண்ணாடிக்குள் போயிருக்கும். 

கணபதி விழா வந்தது. மும்பையில் குடியேறிய தமிழனுக்கு இந்த ஊர்க்காரர்களைவிட ஒரு படி அதிகமாக கணபதி பக்தி காட்டியே ஆக வேண்டும். எங்கள் செகரட்டரி இரண்டு படி அதிகம். சொசைட்டிப் பிள்ளையாரைக் கரைக்கிற அன்று பந்தல் சாமான்களை எடுக்க மாடிக்குப் போனவர், தகர ஷீட்டுக்கு அடியில் ஷாடு மண் பலகைகளைப் பார்த்திருக்கிறார். பல பலகைகளில் ஒரு நட்சத்திரம். சுமேரியத்தில் கடவுள் பெயருக்கு முன்னால் போடுகிற அடையாளம் அது. மனிதர் அதை ஏதோ பூஜை யந்திரம் என்றே முடிவு கட்டிவிட்டார். பிள்ளையார் மண், பூஜை சாமான், விசர்ஜன நாள். இதற்கு மேல் யோசிக்க அவருக்கு என்ன இருக்கிறது? அண்ணாச்சி கடையில். அக்கா கோயிலில். நான் மூட்டு வலிக்கு டாக்டரிடம். செகரட்டரி எல்லாப் பலகைகளையும் தட்டில் அடுக்கி, பூ வைத்து, ஆரத்தி காட்டி, தேங்காய் உடைத்து, ‘கண்பதி பப்பா மோரியா’ என்று மேளதாளத்தோடு கொண்டுபோய், மாநகராட்சி வெட்டியிருந்த செயற்கைக் குளத்தில் பிள்ளையாரோடு சேர்த்துக் கரைத்துவிட்டு வந்தார்.

வேற்றுமை கரைந்தது. பெயர்ச்சொல் கரைந்தது. வினைச்சொல் கரைந்தது. பிரசாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நான் செகரட்டரி வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் அடுத்த விங்கிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன மேடம், அநியாயமா பேசறேள்?” என்றார் அவர். “களிமண்ணைக் குப்பையில போட முடியுமோ? அதுவும் பப்பா வந்திருக்கற சமயத்துல? ஃபுல் ரெஸ்பெக்டோட அனுப்பிச்சிருக்கோம். ஏதோ மிஸ்டேக் ஆயிடுத்து.”

“ஆயிடுத்தா? தானா ஆயிடுத்தா? பலகைக்குக் கால் முளைச்சுக் குளத்துக்குப் போயிடுத்தா?”

“கரைஞ்சு போச்சு மேடம். இப்ப என்ன பண்ணச் சொல்றேள்?”

“கரைஞ்சு போகலை, நீங்க கரைச்சேள்! இத்தனை நாளா எ கிடைக்கலைன்னு முகத்தைத் தூக்கி வெச்சிண்டிருந்தேளே, இப்ப கிடைச்சாச்சு. தலையில ஒட்டிண்டு திரியுங்கோ!”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்தது, இத்தனை வருஷமாக மேலேயிருந்து கேட்ட இரைச்சலில் எனக்கும் கொஞ்சம் சுமேரியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று.

அண்ணாச்சி வந்து செகரட்டரியைப் பிய்த்துத் தோரணம் கட்டப் போகிறார் என்று கட்டடமே காத்திருந்தது. அவர் வந்தார். கேட்டார். மாடிக்குப் போய்த் தகர ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார். இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. என் தலைக்கு மேல் அப்படி ஓர் அமைதி. எத்தனையோ வருஷம் நான் ஏங்கிய அமைதிதான். ஆனால் வந்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைக்குப் போனார், வந்தார். கேஸ்கட் கேட்டவர்களுக்குக் கேஸ்கட்டையே கொடுத்தார். புறாக்கள் அவர் பால்கனிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவர் விரட்டவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா இறங்கி வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

“எம்மா, அவுக கோவப்பட்டு ரொம்ப நாளாச்சு. சாம்பார்ல உப்பே போடாம வச்சுப் பாத்தேன். ‘நல்லாருக்கு’ன்னுட்டாக. எனக்குப் பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் நான் மேலே போனேன். அண்ணாச்சி சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு தோணறது. சொன்னா கோவிச்சுக்க மாட்டேளே?”

“சொல்லுங்க.”

“இந்த சுமேரியம் நிஜமாவே தமிழ்தானோ?”

 சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலை மெதுவாகத் திரும்பியது.

“இல்ல, ஊர்னு ஒரு ஊரே இருக்கே. உயர்திணை அஃறிணை இருக்கே. நம்ம குழந்தைதான் எங்கேயோ போய்ப் பாஷை மாறிடுத்துன்னு எனக்குப் படறது. சங்கத்துல சொல்றதும் சரிதானே?”

“யாரு சொன்னா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். இரண்டாவது தடவை கேட்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “யாரு சொன்னான்னு கேக்கேன்! இத்தன வருசம் கீழ் வீட்டுல இருந்து நீங்க கேட்டது இதுதானா? நமக்கு வினைக்கு முன்னால ஒட்டு உண்டா? சொல்லுங்க! எ உருபு உண்டா? நாம ‘பெரிய வீடு’ங்கோம், அவன் ‘வீடு பெரிய’ங்கான். அது எப்படி நம்ம பிள்ளையாவும்? பேங்குல உங்களுக்குச் சம்பளம் எவன் குடுத்தான்?”

பால்கனிப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. பாய்ந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்துக் குத்திக் குத்திக் காட்டினார். என் ரசனையை, என் படிப்பை, மாட்டுங்காவை, வங்கித் துறையை, ஒன்று விடாமல் திட்டினார். சமையலறையில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதுவும் இல்லாத மிக்சியை ஓட விட்டார். திட்டித் தீர்த்ததும் அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“எங்க போறேள்?”

“மண்ணு வாங்க.”

வாசலில் நின்று திரும்பினார். “நீங்க வேணும்னேதாம் சொன்னியன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையச் சும்மா விட முடியாதுல்லா?”

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை எழுத எழுத, காய்ந்த உடனே கும்பார்வாடாவுக்கு எடுத்துப் போய்ச் சுட்டுவிடுவார். “அந்தக் காலத்துல பகையாளி வந்து ஊரையே கொளுத்துனான், ஏடெல்லாம் வெந்து கல்லு மாதிரி நின்னுச்சு. நம்ம செகரட்டரி பூ வச்சுக் கும்பிட்டான், ஒண்ணும் மிஞ்சல. பகையாளியே தேவல” என்பார்.

ஆனால் வயது திரும்ப வருமா? இந்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வினைச்சொல் பாதியில் நிற்கிறது. சுட்ட பலகைகளை முலுண்டில் இருக்கும் அவர் மகன், பாத்திரம் வந்த அட்டைப் பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி எடுத்துப் போயிருக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் அவனுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேடையில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர். அண்ணாச்சி படம், ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் அந்தக் காலத்து ஈராக் கோயில். கீழே கொட்டை எழுத்தில்: ‘சுமேரியம் தமிழே என உலகுக்கு நிறுவிய சுமேரியச் செம்மல்!’ உயிரோடு இருந்தபோது அவர் பொன்னாடையோடு திருப்பிக் கொடுத்த பட்டத்தை, படத்துக்கு மாலையோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். தலைவர் தழுதழுத்த குரலில், “அண்ணாச்சி என்னிடம் தனிமையில் சொல்வார், அது தமிழ்தான் என்று” என்றார். தனிமையிலாம்!

நான் எழுந்துவிட்டேன்.

“பொய்! அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை!”

“அம்மா, இது இரங்கல் கூட்டம். உட்காருங்க.”

“உட்கார மாட்டேன். அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்னு சொல்லித்தான் உங்க அலமாரியை வேண்டாம்னார். அதனாலதான் எல்லாம் கரைஞ்சுது. அந்த வரியை நீங்களே எழுதி அவர் படத்துக்குக் கீழ மாட்டறேளா? சுமேரியம் தமிழ் இல்லை. அதுக்கு எ உருபு உண்டு, வினைக்கு முன்னால ஒட்டு உண்டு, நமக்கு ரெண்டும் கிடையாது…”

இரண்டு பேர் என்னை உட்கார வைக்க வந்தார்கள். அப்போது முன் வரிசையில் அக்கா எழுந்தார். மேடைப் பக்கமே திரும்பாமல், கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

“அந்தம்மா சொல்லுததுதாம் நெசம். அந்தப் பாசைக்குச் சொந்தம்னு ஒருத்தரும் கிடையாதுன்னு எங்கிட்டச் சொல்லி அழுதிருக்காக. அதுக்கு இருந்த ஒரே சொந்தக்காரரு இவுகதாம். அவுகளையும் அதுகிட்ட இருந்து பிரிச்சிராதீய.”

 தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். யாரோ போய் பேனரின் ஒரு முனையை அவிழ்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். அவசரத்தில் நான் கத்திய இலக்கணத்தில் எப்படியும் நாலு தப்பாவது இருந்திருக்கும். அண்ணாச்சி இருந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கிழி கிழியென்று கிழித்திருப்பார். கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகும், அந்தத் திட்டு வராதா என்று நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.